மாத்தி வச்ச கெட்டு

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கடையில் வடக்கு அலமாரிக்கு மேல் ஓடு ஒழுகுகிறது. மூன்று தட்டுப் புத்தகங்களை இறக்கி மேசைக்கு அடியில் வைத்தேன். முதுகு போச்சு.

பத்து மணிக்கு ஒரு ஆள். குலசேகரம் பக்கம் புது வீடு கட்டியிருக்கிறானாம். ஷோகேஸில் வைக்கப் புத்தகம் வேண்டும். என்ன புத்தகம் என்றேன். "எதுவானாலும் கொள்ளாம். எல்லாம் ஒரே பொக்கம் இருக்கணும். கூடினதும் குறைஞ்சதும் கலந்தா பாக்கதுக்கு நல்லா இருக்காது." ஸ்கேல் வைத்து உயரம் அளந்து கொடுத்தேன். தக்கலையில் முப்பது வருஷமாகப் பழைய புத்தகம் விற்கிறேன். இப்படி ஒரு வாசகன் இன்றுதான்.

மத்தியானம் ஒரு ஃபோன்.

"அண்ணே, அருமனை ஷீலாவாக்கும். பெப்ரவரியில அப்பாக்க புஸ்தகம் எல்லாம் நீங்கதானே கொண்டு போனது? ஓர்மை இருக்கா?"

இருக்கு என்றேன்.

"ஒரு கெட்டு புஸ்தகம் தனியா மாத்தி வச்சிருந்தேன். இப்ப லீவுல வந்து தேடுதேன், காணல்ல. நீங்க அறியாம எடுத்திட்டியளா?"

அவளே தொடர்ந்தாள். "அது எனக்கு மூணு வயசுல செத்துப்போன அம்மைக்க புஸ்தகம். உள்ள அம்மை கைப்பட எழுதினது உண்டுன்னு அப்பா சாகும்போ சொன்னாவ. நான் திறந்துகூடப் பாக்கல்ல. அடுத்த லீவுல நிதானமா இருந்து வாசிக்கலாம்னு வச்சேன். வார திங்களாச்ச மஸ்கட்டுக்குத் திரும்பணும் அண்ணே."

"கடையில பாத்துச் சொல்லுதேன் மக்களே" என்றேன்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும்.

வாங்க வேண்டியது: தார் ஷீட், பாச்சை உருண்டை, சரோஜாவுக்குக் கால்வலித் தைலம்.

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டு விட்டு. வியாபாரம் இல்லை. இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பெப்ரவரியில் ஷீலாவின் அப்பா இறந்து பதினாறு முடிந்த வாரம். கணக்கு வாத்தியார். வீடு நிறையப் புத்தகம். நான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வாசல் நடையில் பழைய கைலித் துணியில் கட்டி ஒரு கெட்டு இருந்தது. "இது?" என்று கேட்டேன். அவள் உள்ளே யாருடனோ பேசிக்கொண்டே, "அது மாத்தி வச்சிருக்கு அண்ணே" என்றாள்.

மாத்தி வச்சிருக்கு. தனியாக எடுத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். யாருக்காக என்பது சொல்லில் இல்லை. எனக்காகவா, எனக்குத் தராமல் இருப்பதற்காகவா? திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

கேட்கவில்லை. ஏனென்றால் துணி விலகிய இடத்தில் மேலே இருந்த புத்தகத்தின் முதுகு தெரிந்தது. பதினெட்டு வயதில் திருவனந்தபுரம் பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரிடம் இரவல் வாங்கி வாசித்த பயணப் புத்தகம். நாலு பேர் மலை தாண்டி நடந்து போகிறார்கள். ஆற்றங்கரையில் வந்து நிற்கிறார்கள், தோணி இல்லை, இருட்டிக்கொண்டு வருகிறது. அந்த இடத்தில் களியக்காவிளை வந்துவிட்டது. அவர் என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நாற்பது வருஷமாக அந்தப் புத்தகத்தைத் தேடினேன். ஆறு தாண்டினார்களா என்று தெரியாமலே சரோஜாவைக் கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, தலையும் நரைத்துவிட்டது.

ஆகையால் எனக்காகத்தான் மாத்தி வைத்திருக்கிறாள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். சட்டென்று தூக்கி ஆட்டோவில் வைத்தேன். காது தப்பாகக் கேட்கவில்லை. ஆசைதான் கேட்டது.

அதைவிட மோசம் அடுத்தது. எழுதக் கை வரவில்லை. நாளை.

ஜூன் 11, புதன்

மழை இல்லை. வெயிலில் புத்தகங்களைக் காயப்போட்டேன்.

எழுதிவிடுகிறேன். அழித்துவிட்டேன். எல்லாவற்றையும்.

என் தொழில் முறை இது: பேனாவில் பெயர் எழுதிய முதல் தாளைக் கிழிப்பது, ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பென்சில் எழுத்தை ரப்பரால் எடுப்பது. பென்சில் இருந்தால் நான் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே அழிப்பேன். இடது கையில் புத்தகம், வலது கையில் ரப்பர். வேறு மாதிரி வாசிக்கவே எனக்கு வராமல் போய்விட்டது. பஸ்ஸிலும் அப்படித்தான். மடி நிறைய ரப்பர் தூள்.

அந்தக் கெட்டில் பதினொரு புத்தகம். எல்லாவற்றிலும் ஓரத்தில் பொடிப் பொடியாகப் பென்சில். ஒரு பெண் படுக்கையில் கிடந்து எழுதியது. தேதி இல்லை, பெயர் இல்லை. வாசித்து நான் சிரித்தேன். இரண்டு இடத்தில் அழிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு அழித்தேன். இப்படி எழுதியவள் யார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லையே, எருமை.

எங்கே போயின:

நாவல் 3 — சிதறால், சி. சார்.

சிறுகதை 2 — பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க வந்த வெளியூர்த் தம்பதி. ஊர் பேர் தெரியாது.

சமையல் 1 — எங்கள் அடுக்களையில்.

பயணம் — என் கட்டிலுக்கு அடியில். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே மனசு வரவில்லை.

மீதி 4 — தெரியாது. தெரியாது என்றால் தெரியாதுதான்.

சரோஜாவிடம் சமையல் புத்தகத்தைக் கேட்டேன். மீன் தேய்த்த கையோடு வந்து விஷயம் முழுவதையும் கேட்டாள். மரச்சீனிக் கிழங்கு வெந்து அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. அவள் அசையவில்லை.

"அந்தப் பிள்ளைக்க அம்மை எப்ப செத்தது?"

"அதுக்கு மூணு வயசு இருக்கும்போ."

"அப்பம் அதுக்கு முகம்கூட ஓர்மை இருக்காது" என்றாள். பிறகு, "உங்க கையில ரப்பரைக் குடுத்தவனைச் சொல்லணும்."

ஜூன் 13, வெள்ளி

சிதறாலுக்குப் போனேன். மார்த்தாண்டத்தில் பஸ் மாறி. வழக்கமாகக் கையில் ஒரு புத்தகம் இருக்கும். இன்று சும்மா உட்கார்ந்து ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு போனேன். மரத்தின் பெயரைப் பார், இன்று பார்த்து அதுதான் இரண்டு பக்கமும்.

சி. சார் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். மலைக்கோவிலுக்குப் போகிற ரோட்டில் வீடு. கட்டன்சாயா கொடுத்தார். மூன்று நாவலையும் திருப்பிக் கேட்டதும் முகம் கொஞ்சம் சுருங்கியது. உள்ளே போய் எடுத்து வந்து மேசையில் வைத்துத் தடவினார்.

"இதுக்குத்தான் உம்மகிட்ட வாங்கது. ஒரு கீறல் கிடையாது, ஒரு பொட்டு கிடையாது. உம்ம கையில வந்தா புஸ்தகம் குளிச்சிட்டாக்கும் வெளிய வரும்."

வேறு நாளாக இருந்தால் அதை ஒரு வாரம் நினைத்துச் சந்தோஷப்பட்டிருப்பேன். எதற்குத் திருப்பி என்று கேட்டார். சொந்தக்காரங்க கேக்குதாவ என்று மட்டும் சொன்னேன்.

"அப்பம் கொண்டு போவும். ரெண்டு நான் வாசிச்சாச்சு, ஒண்ணு பாதி."

பாதி என்று சொல்லிவிட்டு அந்த மூன்றாவது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். எனக்கு அது புரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் மூன்றையும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். சில இடத்தில் பென்சில் அழுத்தின தடம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. முன்ஸீட்டில் ஒரு கிழவி, "ஏலே, கண்ணுக்குக் கண்ணாடி போடப்பிடாதா?" என்றாள்.

ஷீலா இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாள். எடுக்கவில்லை.

ஜூன் 14, சனி

மூட்டமாக இருந்தது. கடை திறக்கவில்லை.

கடைசியில் கட்டிலுக்கு அடியிலிருந்து பயணப் புத்தகத்தை எடுத்தேன். 141ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட் சொருகியிருந்தது. மார்ச்சில் அங்கே நிறுத்தினேன். அதே ஆற்றங்கரை, அதே தோணி இல்லாத சாயங்காலம். நாற்பது வருஷம் காத்த பிறகு ஒரே மூச்சில் முடித்துவிட மனசு இல்லாமல், பலகாரத்தைக் கடைசிக்கு மிச்சம் வைக்கிற பிள்ளை மாதிரி மூடி வைத்தேன். அப்புறம் எடுக்கவே இல்லை. கையில் வருகிற எதையும் முழுசாக வாசிக்காத ஜாதி நான். பாதியில் யாராவது வந்து விலை கேட்பார்கள், மீதிப் பக்கங்களில் பென்சிலை மட்டும் பார்த்து அழித்துக் கொடுத்துவிடுவேன்.

டிக்கெட்டை எடுத்துத் தாளைப் புரட்டினேன். 142. ஓரத்தில் பென்சில். 143, 145, 148, பென்சில், பென்சில். கடைசி வரை எழுபது பக்கத்துக்கு மேல். வாசித்த இடம் வரைதானே அழித்திருக்கிறேன்!

சரோஜா என்று கத்தினேன். அவள் ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாடி, உங்க மடியும் சோம்பலும் இந்த ஒரு தடவை உதவிச்சு" என்றாள்.

ஒரு வரிகூட வாசிக்கவில்லை. உள்ளங்கையை வைத்து ஓரத்தை மறைத்துக்கொண்டு மூடினேன். ஆற்றுக்கு என்ன ஆச்சு என்பதையும் பார்க்கவில்லை. அச்சை மட்டும் வாசித்திருக்கலாம், ஒரு மணி நேர வேலை. என் கண்ணை எனக்குத் தெரியும், ஓரத்துக்குப் போய்விடும்.

அழித்தவற்றில் நினைவு இருப்பதைத் துண்டுத்தாளில் எழுதினேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்ததில் இவ்வளவுதான்:

நாவலில், கதாநாயகன் புலம்பும் இடம்: "இவனுக்கு யாராவது ஒரு வேலை வாங்கிக் கொடுத்தால் கதை முடிந்துவிடும்."

சமையலில்: "இவர்கள் சொல்கிற உப்பில் பாதி போதும்."

எதிலோ: "இன்று எழுந்து கிணறு வரை நடந்தேன்."

எதிலோ: "குழந்தை என் கண்ணாடியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டது. இரண்டு நாள் வாசிக்கவில்லை."

நூறு இருந்திருக்கும். நாலு.

ஷீலாவைக் கூப்பிட்டு, நாளை வருகிறேன் என்றேன். "கிட்டிச்சா அண்ணே?" என்றாள். நாளை என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல வெயில். அருமனை பஸ்ஸில் கூட்டம். மடியில் ஐந்து புத்தகம், அந்தப் பழைய கைலித் துணியில் கட்டி. துணியைச் சரோஜா துவைத்துக் கொடுத்தாள்.

ஷீலா சர்ச் போய்விட்டு வந்து சேலைகூட மாற்றவில்லை. கூடத்தில் பெட்டி பாதி கட்டிக் கிடந்தது. நாற்காலி போட்டாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். மாத்தி வச்சிருக்கு என்றது எனக்கு விளங்கியது, விளங்காதது போல் எடுத்தேன், அழித்தேன், விற்றேன். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லாத்தையும் நீங்க வாசிச்சியளா?" என்றாள்.

"வாசிச்சேன்."

"அப்பா வாசிச்சது இல்ல. அவியளுக்கு மனசு வரல்ல, திறந்தா அழுவாவ. அப்பம் எங்க அம்மை எழுதினதை வாசிச்ச ஒரே ஆளு நீங்களாக்கும்."

துண்டுத்தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை ஒளித்த வரியில் சிரித்தாள். அந்தக் குழந்தை அவள்தான் என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதித்துத்தான் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் சொல்லுங்க அண்ணே" என்றாள்.

இன்னும் இல்லை. அதனால் பயணப் புத்தகத்தை எடுத்து, டிக்கெட் இருந்த இடத்தில் தாளைப் புரட்டி, 142ஐ விரித்துக் கையில் கொடுத்தேன். "இங்க இருந்து கடைசி வரை அப்பிடியே இருக்கு மக்களே. நான் தொடல்ல."

ஜன்னல் பக்கம் போனாள். விரலை எழுத்தின் மேல் வைக்காமல் சற்றுத் தள்ளி நகர்த்தினாள். முதல் வரியை உரக்க வாசித்தாள்.

"போன பக்கத்தில் எழுதியது கோபத்தில் எழுதியது. அழிக்க மனம் வரவில்லை. இருக்கட்டும்."

தாளைப் பின்னால் திருப்பினாள். 141. வெள்ளை வெளேரென்று இருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள்.

"இதுல என்ன எழுதியிருந்தாவ அண்ணே?"

வாசித்துவிட்டுத்தான் அழித்தேன். எந்த பஸ், எந்த ஸீட் என்பதுகூட இப்போதும் தெரிகிறது. அந்த வரி ஓர்மை இல்லை.