ஒன்பதாம் பக்கத்தில் எழுதிய ‘இல்லை’

6 மார்ச் 1995, திங்கள்
அரசாங்க மொழிபெயர்ப்பாளர் சோதனையில் தேறிவிட்டேன். இனிப் பாதுகாப்பு அனுமதி மட்டும்தான் வேண்டும். ஏழு வருடமாக டோனற் பலகாரக் கடையில் மா குழைத்த கைக்கு மேசை வேலை!

படிவம் இருபது பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி: எப்போதாவது போதைப்பொருள் பாவித்ததுண்டா?

உண்டு. 1986, ஜேர்மனி அகதி முகாம், எட்டு மாதம், கஞ்சா. வேலை செய்யவும் விடவில்லை, ஊர் தாண்டவும் விடவில்லை. வேறென்ன, ஜேர்மன் இலக்கணமா படிப்பது? பிறகு தொட்டதில்லை.

7 மார்ச்
மனைவி றீற்றாவிடம் கேட்டேன். “உதைப் போய் ஆரும் எழுதுவினமே? உங்களுக்கென்ன விசரே?”

‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து நன்றாகவே வந்தது.

10 மார்ச்
என்னைப் பற்றிச் சொல்ல ஒருவர் வேண்டுமாம். சொந்தக்காரர் கூடாதாம். இக்னேசியஸ் அண்ணையின் பெயரைப் போட்டு அனுப்பினேன். முகாமில் ஒரே அறை. கஞ்சா சுருட்டித் தந்ததே அவர்தான். ஆனால் இப்போது செபக்கூட்டத் தலைவர். இங்கே ஸ்காபரோவில் அவரைவிட மரியாதையான ஆள் யார்? என்ன மூளை எனக்கு.

17 மார்ச், வெள்ளி
றீற்றா செபக்கூட்டத்துக்கு இழுத்துப் போனாள். அண்ணை சாட்சியம் சொன்னார். அங்கே பழைய பாவத்தைச் சபையில் சொல்ல வேண்டும். பாவம் பெருகப் பெருக அல்லேலூயாவும் பெருகும். “நானும் தம்பி அல்பேட்டும் கஞ்சாவிலை கிடந்தனாங்கள். ஆண்டவர் தூக்கி எடுத்தவர்.”

நூறு பேர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். றீற்றா தட்டவில்லை.

18 மார்ச்
கெஞ்சினேன். “அண்ணை, ஒபிசர் கேட்டால் மட்டும் அதை விட்டுடுங்கோ.”

“ஆண்டவர் செய்ததை நான் ஒளிக்கிறதே, தம்பி?”

மாதாமாதம் இதையே சொல்கிறாராம் — ஆண்டவருக்கு இன்னும் கேட்கவில்லையா?

12 மே
விசாரணை. அதிகாரி ஒரு வயதான அம்மா. அண்ணை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். ஒன்பது வருடத்துக்கு முந்திய கஞ்சாவைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்களாம். பொய் எழுதியதுதான் பிரச்சினையாம். வெட்கத்தில் எனக்கு இங்கிலிஷே வரவில்லை. மொழிபெயர்ப்பாளராம்.

2 ஜூன்
கடிதம் வந்தது. அனுமதி இல்லை. வேலைக்குப் போய் மா குழைத்தேன்.

19 செப்டெம்பர்
அண்ணை போன் எடுத்தார். அதே வேலைக்கு அவர் விண்ணப்பித்திருக்கிறாராம். கஞ்சாக் கதைக்கு இடம் போதாமல் தாள் ஒட்டி எழுதினாராம். “உம்மடை பேர் குடுத்திருக்கிறன். ஒண்டையும் ஒளிக்காதையும்.”

மனிதனுக்கு வெட்கமே கிடையாதா? இரவு சாப்பிடவும் மனம் வரவில்லை.

4 ஒக்டோபர்
அந்த அதிகாரி அம்மா அழைத்தார். இக்னேசியஸ் போதைப்பொருள் பாவித்தவரா? ஓம் என்றேன். இப்போதும்?

ஒரு ‘ஓம்’ போதும், ஆள் முடிந்தார். நாக்கு நுனிவரை வந்தது. “இல்லை, அதுக்குப் பிறகு தொடேல்லை” என்று இங்கிலிஷில் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

30 ஒக்டோபர், திங்கள்
காலையில் அண்ணை கடைக்கு வந்தார். கழுத்துப்பட்டி, புது அடையாள அட்டை, இன்று முதல் நாளாம். கோப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

“தம்பி, உமக்காகச் செபிக்கிறன்” என்றார்.

சத்தமாகச் செபிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.