ஜோடியில் உன்கிட்ட இருக்கிற பிஸ்டல்

என் செல்லப் பெரியவனுக்கு அம்மா எழுதறது. நாங்க இங்க சுகம், நீயும் மருமகளும் குட்டியும் சுகமா இருக்கணும்னுதான் எப்பவும் ஆரம்பிப்பேன், இன்னைக்கும் அதையேதான் எழுதறேன், ஆனா இந்தத் தடவை அது வாய் வார்த்தை இல்லை, நீங்க மூணு பேரும் முழுசா இருக்கீங்கன்னு தெரியற வரைக்கும் எனக்குத் தண்ணி கூடத் தொண்டையில இறங்காது. மேல படிக்காதே. எழுந்து போய், முன் ரூம் சுவத்துல மாட்டி வெச்சிருக்கியே அப்பா குடுத்த பழைய பிஸ்டல், அது ஆணியிலதான் தொங்குதான்னு பாரு. தொங்கினா தொடாம வா. குட்டி கையில இருந்தா சத்தம் போடாதே, சிரிச்ச மாதிரி மெதுவா வாங்கி, அதோட வாய் யார் பக்கமும் இல்லாம வெளிச்சுவத்தைப் பார்க்கற மாதிரி கீழே வை. அதுக்குள்ள மருந்தும் குண்டும் இருக்கு ராசா. இத்தனை வருஷமா இருந்திருக்கு.

பார்த்துட்டு வந்தியா? இப்போ சொல்றேன். தந்தியும் குடுத்திருக்கேன், ஆனா தந்தி கடல் தாண்டி உங்க டவுன் வரைக்கும்தான் பறந்து வரும், அங்கேயிருந்து உன் குவார்ட்டர்ஸுக்கு இந்தக் கடுதாசி வர்ற அதே வண்டியிலதான் வரும்னு தபாலாபீஸ்ல சொல்லிட்டாங்க, அதனால எதை முதல்ல பிரிப்பியோ தெரியாது. பிஸ்டலைத் தொடாதே, மருந்து இருக்கிறது, குழந்தையை விலக்குன்னு எழுதிக் குடுத்தேன். கவுன்ட்டர்ல இருந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, ஏம்மா குடும்பச் சண்டையான்னு கேட்டான். எனக்கு வந்த கோவத்துல, உன் வேலையைப் பாருய்யா, என் பேத்தி உசுருன்னு கத்திட்டேன், வரிசையில நின்னவங்கல்லாம் விலகி வழி விட்டாங்க.

எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பே. உனக்கு ஞாபகம் இருக்கும், நீ வேலை கிடைச்சுக் கிளம்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒருத்தர் பெரிய வீட்டைக் காலி பண்ணும்போது சாவி தொலைஞ்ச மரப்பெட்டி ஒண்ணை அப்பாவோட பூட்டுக்கடைக்குத் தூக்கிட்டு வந்தார். அப்பா திறந்து குடுத்தார். உள்ளே பத்திரமும் பணமும் இருக்கும்னு வந்த மனுஷன் துருப்பிடிச்ச ரெண்டு பிஸ்டலைப் பார்த்துட்டு, இந்த இரும்பு எனக்கெதுக்கு, நீங்களே வெச்சுக்குங்கன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிட்டார். அப்பாவைத்தான் தெரியுமே, ஒரு ஸ்பிரிங் செத்துக் கிடந்தா அவருக்குத் தூக்கம் வராது. ரெண்டையும் கழட்டி, வராத திருகாணியை நெருப்புல காட்டி இளக்கி, புது ஸ்பிரிங் அடிச்சுப் போட்டு, உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கினார். விசையை இழுத்தா, கல்லைக் கவ்விக்கிட்டு சுத்தி மாதிரி மேல நிக்கிற அந்தக் குதிரை டப்புனு அடிச்சுத் தீப்பொறி பறக்கறதைப் பார்த்து நீயும் அப்பாவும் சின்னப் பசங்க மாதிரி குதிச்சீங்க. ஒண்ணை உனக்குக் குடுத்தார். இன்னொண்ணு கடையில பேப்பர் பறக்காம இருக்கக் கிடந்தது, காத்தடிக்கிற காலத்துல நான் அதைத்தான் பின்கதவு சாத்திக்காம இருக்க முட்டுக் குடுத்தேன், கால்ல எத்தனை தடவை இடிச்சிருப்பேன்.

போன வாரம் பழைய சாமான் வாங்கி விக்கிற ஒருத்தர் கடைக்குப் பூட்டு வாங்க வந்தவர், அதைப் பார்த்துட்டுப் பூட்டையே மறந்துட்டார். ஜோடியா இருந்தா நல்ல விலை போகும், ஏலக் கம்பெனியில மதிப்புப் போடற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, காட்டுங்கன்னார். அவ்வளவுதான், உங்கப்பாவுக்குத் தலைகால் புரியலை. தங்கச்சிக்கு மாடி எடுத்துக் கட்டலாம், ஒழுகற கூரையைப் பிரிச்சுப் போடலாம்னு பேச்சு. நானும் சேர்ந்துதான் ஆடினேன், எதுக்கு மறைக்கணும். ஜோடி இருக்குன்னு காட்ட நீ அனுப்பின போட்டோவையும் என் கைப்பையில எடுத்துக்கிட்டேன். குட்டி அந்தப் பிஸ்டலை ஊதுகுழல் மாதிரி வாயில வெச்சு, கன்னம் உப்ப ஊதறாளே, அந்தப் போட்டோ.

அந்தம்மா நல்ல மாதிரி. பருத்திக் கையுறை போட்டுக்கிட்டு, லென்ஸ் வெச்சு ஒவ்வொரு இடமாப் பார்த்தாங்க. பக்கத்துத் தகட்டுல செஞ்சவன் பேரு, குழலுக்கு அடியில சோதிச்சுப் பார்த்து அடிச்ச முத்திரை, கைப்பிடிக்குக் கீழே ரெண்டுன்னு ஒரு எண். ஒண்ணு எங்கேன்னு கேட்டாங்க. எங்க பையன்கிட்டன்னு நான் போட்டோவை நீட்டினேன், பெருமையா. அப்பா, நான்தான் தேய்ச்சுப் புதுசு மாதிரி ஆக்கினேன்னார். அந்தம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. அந்தப் பழுப்பு நிறம்தான் அதோட வயசு, அதுக்குத்தான் விலை, அதைப் போய்த் தேய்ச்சுட்டீங்களேன்னாங்க. உங்கப்பா முகத்துல ஈயாடலை, எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. அதுக்கப்புறம் இன்னும் சிரிக்கலை.

குழலுக்கு அடியில மருந்தைக் குத்தி இறக்கற குச்சி ஒண்ணு செருகியிருக்குமே, உன்னோடதுலயும் இருக்கு, அது துருவுல சிக்கினதால அப்பா அதை மட்டும் விட்டுட்டார். அந்தம்மா அதைத் தொடலை, தன்னோட மெல்லிய மூங்கில் குச்சி ஒண்ணை எடுத்துக் குழலுக்குள்ள மெதுவா விட்டு, வாய்க்கிட்ட விரலால பிடிச்சு அளவு எடுத்து, வெளியில குழலோடயே ஒட்டி வெச்சுப் பார்த்தாங்க. குச்சி பின்பக்கம் வரைக்கும் போகலை. ரெண்டு விரற்கடைக்கு முன்னாடியே நின்னுடுச்சு. மறுபடி விட்டாங்க, அதே இடம். அந்தம்மா பிஸ்டலைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டு, எல்லாரும் வெளியே போங்கன்னாங்க. பழசுல இப்படி நிறைய வரும், போட்டு வெச்சவன் போய்ச் சேர்ந்திருப்பான், போட்டது அப்படியே இருக்கும்னு வெளியில வந்துதான் சொன்னாங்க. சாவித் துவாரத்துல கம்பி விட்டுப் பார்க்காம எந்தப் பூட்டையும் தொடாத மனுஷன் உங்கப்பா. இதுல மட்டும் விட்டுப் பார்க்கணும்னு தோணலை. குழல் கிட்டவே நெருப்பை வேற காட்டினார்.

போலீசுல இருந்து விவரம் தெரிஞ்சவங்க வந்து மணல் வாளியில வெச்சு எடுத்தாங்க. கோலி அளவு ஈயக்குண்டு. பின்னாடி கருப்பா மருந்து, பொலபொலன்னு, நேத்து போட்ட மாதிரி. ஈரம் பட்டுச் செத்திருக்கும்னுதான் நான் மனசைத் தேத்திக்கிட்டு நின்னேன். ஒரு சிட்டிகையை வாசல்ல கல்லு மேல வெச்சுக் கொளுத்தினாங்க. புஸ்ஸுன்னு ஆள் உசரத்துக்குப் பொங்குச்சு. அப்பா வந்தவங்கள்ல பெரிய ஆபீசரோட சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, என் பையன்கிட்ட ஒண்ணு இருக்கு, அதுலயும் இருக்குமான்னு கேட்டார். ஜோடியா வெச்சவன் ஒண்ணை மட்டும் நிரப்பி வெச்சிருக்க மாட்டான்னு அவர் சொன்னார். அந்தம்மா என் போட்டோவை மறுபடி வாங்கி லென்ஸ் வெச்சுப் பார்த்தாங்க. குட்டி கையில இருக்கிறதுல குதிரை பின்னாடி இழுத்து நிக்குதாம். இழுத்து நிக்குதுன்னா விசையைத் தொட்டாப் போதும். அந்தம்மாவும் அதுக்கு மேல பார்க்க முடியாம போட்டோவைக் குப்புறக் கவுத்து என் கையில குடுத்தாங்க.

நீ வேற போன கடுதாசியில, வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் விளக்கை அணைச்சுட்டுத் தீப்பொறி காட்டறேன், எல்லாரும் வாயைப் பிளக்கறாங்கன்னு எழுதியிருந்தே. அடப்பாவி மகனே, பொறி உள்ளே போற ஓட்டையைத் துரு அடைச்சிருந்ததாலதான் இதுவரைக்கும் வெடிக்கலையாம், அந்தத் துரு எப்போ உதிரும்னு யாருக்கும் தெரியாதாம். மருமகள் அது அங்கே வேண்டாம்னு ஆரம்பத்துலயே சொன்னாளாமே, நீயும் உங்கப்பா மாதிரியே காதுல வாங்கலை. இனிமே அவ சொல்றதைக் கேளு. இப்போ நான் சொல்றதையும் கேளு, ஆபீசர் சொன்னதுதான். விசையைத் தொடாதே, குதிரையை இறக்கப் பார்க்காதே, குச்சியை உருவாதே, உள்ளே ஒண்ணையும் விடாதே, அடுப்பு விளக்குக் கிட்டக் கொண்டு போகாதே. நீ கெட்டிக்காரன், அப்பாகிட்டத் தொழில் பார்த்தவன், நானே எடுத்துடுவேன்னு உனக்குத் தோணும், தோணக் கூடாது. ரூமைப் பூட்டிட்டு நேரா போலீசுக்குச் சொல்லி, அவங்க வர்ற வரைக்கும் குட்டியைத் தூக்கிக்கிட்டு பக்கத்து வீட்டுல இரு. அந்த வியாபாரி இன்னும் வந்து, ஜோடியை வரவழைங்கன்னு நச்சரிக்கிறார். கடலைத் தாண்டி வேணும்னாலும் ஆள் அனுப்பறேங்கறார். கூரை ஒழுகட்டும், வாளி வெச்சுக்கறேன்.

மத்தபடி தங்கச்சிக்குப் பரீட்சை முடிஞ்சுது, நல்லா எழுதியிருக்காளாம். என் முட்டி வலி அப்படியேதான். அப்பா கடை திறக்கலை. காலையில தபாலாபீஸ் வாசலுக்குப் போறவர் அவங்க கதவைச் சாத்தினதும்தான் வர்றார். அந்த ஸ்பிரிங் செத்தே கிடந்திருக்கும், நான்தான் உயிர் குடுத்தேன், நான்தான் குடுத்தேன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கார். ரெண்டு வரி எழுதுங்கன்னு பேனாவை நீட்டினேன், வாங்கிட்டு, திருப்பிக் குடுத்துட்டார். நீ நல்லா இருக்கேன்னு உன் கையெழுத்துல பார்த்தாத்தான் அந்த மனுஷன் மறுபடி உளியைத் தொடுவார்.

கண்ணு, நீங்க மூணு பேரும் நூறு வயசு நல்லா இருக்கணும், எந்தக் கெட்டதும் உங்க வாசப்படி ஏறக் கூடாது. இதைப் படிச்ச உடனே தந்தி அடி, சுகம்னு ஒரு வார்த்தை போதும். அப்புறம் குட்டியை இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பு, பழசைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, கிழிக்கவும் கை வரலை. பொம்மை, பூ எதுவும் குடுக்க வேண்டாம். ரெண்டு கையும் வெறுங்கையா இருக்கட்டும்.

இப்படிக்கு,
வழி பார்த்து உக்காந்திருக்கிற
உன் அம்மா