துருப்பிடித்த பை

அன்புள்ள இசபெல்லாவுக்கு,

மாதா துணையால் நான் சுகம். உன் முட்டுவலி தேவலையா? கொடைக்கானலில் பனி கடுமை. குளிருக்குக் கையில் பிடிக்கும் சூட்டுப்பை வியாபாரத்துக்குக் குறைவில்லை.

உன் தம்பி ரெக்ஸை ஏன் ஊருக்கு அனுப்பினேன் என்று கேட்டிருந்தாய். பெரிதாக ஒன்றுமில்லை. கடையில் இரண்டு வகைப் பை உண்டு. உப்புக் கரைசல் பை உறையும்போது சூடு தரும். கொதிநீரில் போட்டு அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி கரைசலாகிவிடும். இரும்புத்தூள் பை துருப்பிடித்துத்தான் சூடாகும், ஆறினால் குப்பை. அதையும் கொதிக்க வைக்கலாமென்று சொல்லி ரெக்ஸ் விற்றிருக்கிறான்.

ஓர் அம்மா, கொதிக்க வைத்தும் சூடேறாத பையோடு கடைமுன் வந்து நின்று, "கைப்பிள்ளை விடிய விடிய நடுங்குச்சுய்யா, நீங்கல்லாம் மனுசங்கதானா?" என்று என்னைக் கேட்டாள். ரெக்ஸ் சிரித்தான்: "விடுங்க மச்சான், டூரிஸ்ட்டு திரும்பியா வரப்போகுது?"

மன்னித்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறாய். துருவை மறுபடி இரும்பாக்க உலையில் போட்டு எரிக்க வேண்டும். அவ்வளவு விறகு என்னிடம் இல்லை.

அவன் பேச்சை எடுக்காமல் நீ மட்டும் வருவதானால் வா. இல்லையென்றால் பஸ்ஸில் ஒரு சின்னச் சோற்றுச்சட்டி கொடுத்துவிடு. இங்கே இருப்பது ஒரு ஆளுக்குப் பெரிதாகக் கிடக்கிறது.

கடைக்குப் பை வாங்க ஆள் வந்தாயிற்று, முடிக்கிறேன்.

செபாஸ்டின்