மறதிக் கணக்கு

சலவை இயந்திரம் 3 — பழுதுப் பதிவு
கீழ் வளையம், நிறைவாழ்வு முதியோர் நிலையம், நிலவுச் சுற்றுப்பாதை

ஆடி 2, 06:10
கோளாறு: இல்லை.
செய்தது: மேல் வளையத்துப் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள். ஒன்றில் சந்தனம், ஒன்றில் ஒயின். இரண்டு கறையும் போனது.
பதிந்தவர்: சீனியம்மாள், வயது 78.

ஆடி 3, 06:15
கோளாறு: இயந்திரத்தில் இல்லை. நிலையத்தில்.
செய்தது: எழுத ஆரம்பித்தேன்.

பழுது பார்க்க வருகிறவர் இயந்திரத்தைத் தொடுமுன் இந்தப் பதிவை முதலிலிருந்து படித்தாக வேண்டும் என்று மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. மனுஷிக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆகவே என் பேச்சை இயந்திரத்தின் வாயில் போடுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு. அதற்குமேல் படிக்க விடாமல் என்னைப் பஞ்சாலையில் தள்ளிய சித்தப்பன் பெயர் குருசாமி. அவன் செத்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இன்னும் மன்னிக்கவில்லை.

மேல் வளையத்தில் பணம் கட்டி வந்தவர்கள். கீழ் வளையத்தில் அரசாங்கம் அனுப்பிவைத்த நாங்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே நரை, ஒரே முழங்கால் வலி. அவர்கள் அழுக்காக்குவார்கள், நாங்கள் துவைப்போம்.

என் பக்கத்துக் கட்டில் செபஸ்தியம்மாள். தூத்துக்குடிப் பக்கம் மீன் தீவன ஆலையில் தூசி தின்று நுரையீரலைத் தொலைத்தவள். அவளுக்கு அரசாங்கம் கொடுத்த மூச்சுப் பெட்டி, மார்பில் வாரால் கட்டிக்கொள்வது, நேற்றிலிருந்து இல்லை. "சரிபார்த்துத் தருகிறேன்" என்று வாங்கிப் போனவர் மேலாளர் தருண். இன்று கேட்டால், "எந்தப் பெட்டி?" என்கிறார்.

ஆடி 4, 09:40
கோளாறு: புகார் வாங்கும் பொறி.
செய்தது: செபஸ்தியால் எழுந்து நடக்க முடியவில்லை. நான் போனேன்.

நிலையக் குரல்: "புகார் அளிப்பவர் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். நினைவுச் சோதனை. மூன்று சொற்களைத் திருப்பிச் சொல்லவும். ஆப்பிள், மேசை, நாணயம்."

சொன்னேன். பங்குனியில் தவசியண்ணன் காதுக் கருவி திருட்டுப் போனபோது இதே பொறி அவரிடம் குடை, கிளி, சாவி என்று கேட்டதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கிளியை விட்டுவிட்டார், பாவம்.

நிலையக் குரல்: "சோதனையில் தேர்ச்சி. வாழ்த்துகள். புகார் பதியப்பட்டது. வகை: மறதி."

தேர்ந்தாலும் மறதி, தோற்றாலும் மறதி. பிறகு எந்தச் சனியனுக்கு அந்த ஆப்பிள்?

ஆடி 5, 07:00
கோளாறு: அறிவிப்புப் பலகை.
செய்தது: காறித் துப்பினேன். நானே துடைத்தேன்.

தினமும் காலையில் பலகை மின்னுகிறது. இன்று: "குற்றம்: சைபர். மறதி: பதினேழு. பாதுகாப்பில் முதலிடம்." அந்தப் பதினேழில் ஒன்று, ஒருத்தி கம்மல் களவு போனது. ஒருத்தர் போர்வை. ஒருத்தியை மருந்து கொடுக்கிறவன் கன்னத்தில் அறைந்தது. அறைந்ததும் மறதிதான். அடி வாங்கிய கன்னம் அதை மறக்குமா?

ஆடி 6, 11:20
கோளாறு: மேலாளர் அறை அழுக்குப் பை.
செய்தது: பிரித்தேன்.

சட்டைகளுக்கு நடுவில் ஒரு வார் கிடந்தது. அதில் நீல நூலில் சிலுவை. செபஸ்தி தன் கையால் தைத்தது. செபஸ்தியிடம் போலவே எங்களில் பலரிடம் வாங்கிப் போன மூச்சுப் பெட்டிகளை மேலாளர் வாடகைக்கு விடுகிறார்; மேல் வளையத்து ஆட்கள் உடற்பயிற்சி செய்யும்போது மாட்டிக்கொள்கிறார்கள். வியர்வை பட்டதால் வார் மட்டும் துவைக்க வந்திருக்கிறது. துவைக்காமல் அவளிடம் காட்டினேன். தடவிப் பார்த்தாள். பேச மூச்சில்லை. உதடு நீலம் பாரித்திருக்கிறது.

ஆடி 8, 10:05
கோளாறு: கணக்கெடுப்பு.
செய்தது: பூமியிலிருந்து வருஷாந்திரக் குற்றக் கணக்கெடுப்பு அழைப்பு. சலவை அறைத் தொலைபேசியை நான் எடுத்தேன். அப்படியே பதிகிறேன்.

"வணக்கங்க, கணக்கெடுப்புலேர்ந்து மெர்லின் பேசுறேன். உங்க வயசு?"
"எழுவத்தெட்டு."
"அச்சச்சோ, மன்னிச்சிருங்க பாட்டிம்மா. எழுபத்தஞ்சு தாண்டுனவங்ககிட்ட நாங்க கேக்குறதில்ல."
"செத்தவக கணக்குல சேத்தாச்சா?"
"அப்படியில்லைங்க. உங்களுக்குப் பதிலா பொறுப்பாளர் சொல்லுவாரு."
"யாரு பொறுப்பாளரு?"
"நிலைய மேலாளர்."
"திருடுனவன்ட்டயே போயி எத்தனை களவு போச்சுன்னு கேப்பிய. அவன் சைபரும்பான். நீங்க மையி போட்டு எழுதிக்கிடுவிய."
"…விதி அப்படிங்க, பாட்டிம்மா."
"சரி தாயி. பறிகுடுத்தவளுக்கு வயசு வரம்பு இருக்கு. குத்தம் செஞ்சவளுக்கு இருக்கா?"
(தாள் புரட்டும் சத்தம்.)
"இல்லைங்க. குற்றவாளிக்கு வரம்பே இல்ல."
"ஒரு குத்தம் பதிவாச்சுன்னா?"
"ரோந்துக் கப்பல் வரும். நேர்ல விசாரிக்காம திரும்பாது. பாட்டிம்மா, எதுக்குக் கேக்குறீங்க?"
"சும்மாதான் தாயி. வயசாயிருச்சுல்ல, எதையாவது கேட்டுக்கிட்டே இருப்போம்."

ஆடி 11, 10:30
கோளாறு: நான்.
செய்தது: திருட்டு.

மேலாளர் அறைக்கு விரிப்பு மாற்றப் போனேன். அவர் மேல் வளையத்தில் ஏதோ விருது வாங்கிக்கொண்டிருந்தார், பாதுகாப்புக்காகவாம். அலமாரிப் பூட்டை இஸ்திரிப் பெட்டியால் உடைத்தேன். எங்கள் மூச்சுப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அழுக்குப் பையில் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். வழியில் இரண்டு காவலாளிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். துணி மூட்டையோடு போகும் கிழவியை யார் பார்ப்பார்?

செபஸ்திக்கு நானே மாட்டிவிட்டேன். நீலச் சிலுவை வாரைக் கோத்துக் கட்டினேன். மெல்ல உதட்டில் நிறம் திரும்பியது.

நிலையக் குரல்: "குற்றம்: ஒன்று. வகை: திருட்டு, மேலாளர் அறைப் பூட்டு உடைப்பு. பாதிக்கப்பட்டவர்: மேலாளர் தருண், வயது நாற்பத்து மூன்று. ரோந்துக் கப்பல் புறப்பட்டது. வருகை: நாளை காலை."

 தவசியண்ணன், காது கேட்காத மனுஷர், பலகையைப் படித்துவிட்டு விரலை மடக்கி ஒரு விசில் அடித்தார்.

ஆடி 11, 12:15
கோளாறு: கதவு.
செய்தது: என்னைச் சலவை அறையில் பூட்டிவிட்டார்கள். குற்றவாளியைத் தனியே வைக்க வேண்டுமாம். நல்லது. இயந்திரம் இங்கேதான் இருக்கிறது.

மேலாளர், ஒலிபெருக்கியில்: "பாட்டி, கோவத்துல பண்ணிட்டீங்க, புரியுது. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். 'மறந்து எடுத்துட்டேன்'னு. குற்றத்தை மறதியா மாத்திடலாம். கப்பல் பாதியிலயே திரும்பிடும். உங்களுக்கும் ஜெயில் இல்ல."

"மறதியா? ஏலே, நீ இங்க வந்த அன்னைக்கு என்ன சட்டை போட்ருந்தன்னு சொல்லவா? ஊதா. காலர்ல சாம்பாரு. நான்தான் தொவச்சேன்."

"பாட்டி, உங்க நல்லதுக்குத்தான்…"

"எம் மகனும் இதான் சொன்னான், இங்க அனுப்பையில. அவன் மொகத்தையும் நான் மறக்கல."

ஆடி 11, 15:50
கோளாறு: காற்று.
செய்தது: காற்றுத் துளைக்கு முன்னால் ஒரு தலையணை உறையைத் தொங்கவிட்டேன். முதலில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இப்போது சோம்பலாக ஆடுகிறது.

மேலாளர்: "அந்த அறையில காத்து கொஞ்சம் கம்மியாகலாம் பாட்டி. பழைய குழாய். பழுது. அந்த வார்த்தையைச் சொன்னீங்கன்னா உடனே ஆள் அனுப்புறேன்."

குழாய் பழசுதான். நேற்றும் பழசு. நேற்று காற்று வந்தது.

ஆடி 11, 17:30
கோளாறு: காற்று. உறை அசையவில்லை.
செய்தது: இயந்திரத்தின் பதிவுப் பலகையைக் கழற்றிக்கொண்டு தரையில் படுத்து எழுதுகிறேன்.

தருண் ஒலிபெருக்கியில் செபஸ்தியம்மாளைப் பேச வைத்தான்.

"ஏளா சீனி. சொல்லித் தொலையேன். ஒத்த வார்த்தைதான."
"பக்கத்துல அவன் நிக்கானா?"
"ம்."
"பெட்டி?"
"நெஞ்சுலதாங் கெடக்கு. கழட்ட வந்தான். நாங்க எல்லாரும் சுத்தி உக்காந்துட்டோம். தவசி எம் மடியிலயே படுத்துட்டாரு, வெக்கங்கெட்ட மனுஷன்."

சிரித்தேன். சிரித்ததில் மூச்சு வீணானது. பிறகு அவள் சட்டென்று, வேகமாக:

"சொல்லாதளா. கப்பல் திரும்பிச்சுன்னா அவன் எல்லாத்தையும்—"

தொடர்பு அறுந்தது.

ஆடி 11, 20:10
கோளாறு: காற்று
செய்தது: யோசித்தேன்

ஒரு வார்த்தை. சொன்னால் கதவு திறக்கும். பலகையில் சைபர் வரும். பெட்டிகள் மேலே போகும். செபஸ்தி ஒரு வாரம் தாங்குவாள். அவள் பெயருக்கு எதிரே முதுமை என்று போடுவார்கள். நான் உயிரோடு உட்கார்ந்து விரிப்பு மடிப்பேன்.

மாட்டேன். என்னிடம் எல்லாவற்றையும் பிடுங்கியாகிவிட்டது. ஞாபகம் ஒன்றுதான் மிச்சம். அதையும் நானே என் வாயால் இவனுக்குக் கொடுப்பதா

ஆடி 12
கோளாறு மணி தெரியவில்லை கண் மங்குது
செய்தது ஈரத் துணியை மூக்கில்

அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான் சொல்லுங்க பாட்டி சொல்லுங்க பாட்டி. குரல் நடுங்குது. கப்பல் கிட்டத்தில் வந்துவிட்டது போல

எழுதிக்கொள்ளுங்கள் குழாயை அடைத்தது தருண். பெட்டி எடுத்தது தருண். கம்மல் போர்வை காதுக் கருவி. அறைந்தவன் பெயர் விமல். விரிப்பு காயவில்லை

பூட்டை உடைத்தது நான். தெரிந்தேதான். மறக்கவில்லை ஆப்பிள் மேசை நாண

தானியங்கிப் பதிவு. ஆடி 12, 07:02
ரோந்துக் கப்பல் நிலையத்துடன் இணைந்தது.
குற்றம்: ஒன்று. பாதிக்கப்பட்டவர்: மேலாளர் தருண், வயது 43.
சலவை அறையில் காற்று வரத்து இல்லை. உள்ளே இருப்பவர் வயது: 78. அசைவு: இல்லை. வகை: பழுது.
பழுது பார்க்க வருபவர் கவனத்துக்கு: தொடுமுன் இப்பதிவை முதலிலிருந்து படிக்கவும்.