மொட்டை மாடியில் வெண்டைக்காய்

என் செல்லமே,

உன் அம்மா தோட்டக்காரி ஆகிவிட்டாள், சிரிக்காதே! அப்பா போனதிலிருந்து மொட்டை மாடிப் பக்கமே போகாதவள், இப்போது விடிந்ததும் ஓடுகிறேன்.

ஒரு பாக்கெட் வெண்டை விதை வாங்கி, பழைய பக்கெட்டில் மண் நிரப்பி ஊன்றினேன். தண்ணீரை ஊற்றோ ஊற்றென்று ஊற்றியதில் எல்லாம் அழுகிவிட்டன. மறுபடி போட்டேன். ஒரே ஒரு முளை எட்டிப் பார்த்தது. துணி காயப்போட வந்த கீழ்வீட்டுக் கடிகார ரிப்பேர்க்காரர், "இது களை மாதிரி இருக்குங்களே" என்றார்.

"உங்களுக்குத் தோட்டம் தெரியுமா?"

"சத்தியமா தெரியாதுங்க."

எனக்கு வந்ததே கோபம்! வீம்புக்கு அதையே வளர்த்தேன். இடுப்பளவு வளர்ந்தது. களையேதான்.

அவர் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. மறுநாள் புது விதை பாக்கெட்டோடு வந்து, "இந்தத் தடவை ரெண்டு பேருமா சேர்ந்து சொதப்புவோமா?" என்றார்.

சொதப்பவில்லை. செடி தளதளவென்று வந்து, மஞ்சளாய்ப் பூத்து, இன்று நாலு காய் பறித்தோம்! பறித்த கையோடு வதக்கினேன். சந்தோஷத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அந்த மனுஷன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பிரமாதம்" என்கிறார். இவரை என்ன செய்வது, சொல்லு?

போன வாரம் போனில், "பக்கத்துல யாரும்மா சிரிக்கிறது?" என்று கேட்டாயே, டிவி என்றேன். டிவி கெட்டுப்போய் மூன்று மாதமாகிறது, கண்ணு.

லீவு போட்டு வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ. வெண்டைச் செடியைத்தான் சொல்கிறேன்.

உன் அம்மா