மூன்றாவது குழாயின் டக் டக்

புதன், இரவு.

ஒத்துக்கொள்கிறேன்: இன்று மத்தியானம் சப்ஸ்டேஷனில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டேன். பழுதைக் காதால் கண்டுபிடிக்கிற நிபுணராம் நான். ஆபரேட்டர் செல்வி தோளைத் தட்டினாள். "இன்னா சார், குழாய்ல கேஸ் லீக் ஆவுதுன்னு பயந்துட்டேன். உங்க கொறட்டையா?"

மானத்தைக் காப்பாற்ற, அவசரமாக மூன்றாவது குழாயில் சென்சாரை வைத்தேன். டக், டக் என்று கேட்டது. கேஸ் அடைத்த மின்குழாய்க்குள் உலோகத் துணுக்கு ஏதாவது துள்ளினால் அப்படித்தான் கேட்கும். விட்டுவைத்தால் ஒருநாள் வெடிக்கும்.

"நிச்சயமாங்களா சார்? அதைத் திறந்தா பாதி ஆரணிக்கு ரெண்டு நாள் கரண்டு இருக்காது. முகூர்த்த மாசம் வேற."

"சந்தேகமா இருந்தா லைனை ஆஃப் பண்ணிப் பாரும்மா."

ஆஃப் செய்தாள். டக் டக்கும் நின்றது. மீசையைத் தடவிக்கொண்டேன். நாளைக் காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறக்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

சாயங்காலம் மச்சான் போன் செய்தான். பத்து விசைத்தறி வைத்திருக்கிறான். "இன்னா மாமா, உங்க காதை நம்பி ரெண்டு நாள் நான் தறிய நிறுத்தணுமா? கல்யாண வீட்டுக்காரன் வாசல்ல வந்து நின்னுகினு கீறான். ஒரே பேஜாரு." தொழில்நுட்பம் உனக்குப் புரியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் தூக்கம் வரவில்லை. சப்ஸ்டேஷன் மதிலை ஒட்டி ஒரு பவர்லூம் ஷெட் இருக்கிறது; பகலெல்லாம் தறி அடிக்கிற சத்தம். அதற்கும் அதே லைனில்தான் கரண்டு.