ஒன்பதாம் நோன்பின் மக்கரோனிக் கஞ்சி

ஷஃபான் 19, திங்கள்

காலையிலிருந்தே கச்சான் காற்று. கடை மேசை விரிப்பெல்லாம் பறக்கிறது. நாலு மூலைக்கும் கல் வைத்தேன். லொறி டிரைவர் ஒருவர் கேட்டார்: "என்ன, கல்லும் இத்தாலிச் சாப்பாடா?" அசனார் மச்சான் சொன்ன பதில்: "அது நாளைக்கி. இண்டைக்கி இன்னும் வேகல்ல." என் வாயோடு பழகிப் பழகி அவருக்கும் வந்துவிட்டது.

இந்த டயரி தம்பி ஹனீபா லிபியாவிலிருந்து கொண்டுவந்தது. இத்தாலிக் கம்பனியின் முகாமில் ஐந்து வருடம் குசினியில் சமையல் வேலை. வரும்போது அவனுடைய முதலாளி கொடுத்தானாம். திகதியெல்லாம் அவர்கள் பாசையில். நான் என் பிறைக் கணக்கையே எழுதிக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை. பிழை பிடிக்க யாரும் வரப்போவதில்லை.

தம்பி வந்து மூன்று கடை திறந்தான். அக்கரைப்பற்றில் (அ.பற்று) ஒன்று, சம்மாந்துறையில் ஒன்று, மூன்றாவது இங்கே கல்முனையில், என் வீட்டு முன் மண்டபம். வீடு எனக்குச் சீதனமாக வந்தது. தெருப்பக்கச் சுவரை இடித்தோம். போர்டில் "இத்தாலி சாப்பாட்டுக் கடை, கிளை 3". சனத்தின் வாயில் மக்கரோனிக் கடை.

நான் தட்டிக்குப் பின்னால், அடுப்பில். மச்சான் முன்னால், பரிமாற. அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போன என் மனிசனின் தம்பி. சாப்பிடுகிறவர்கள் என்னைக் காண்பதில்லை. நான் எல்லாம் கேட்கிறேன்.

இன்று தட்டி வழியாக வந்தது:
மருதமுனைச் சாரம் வியாபாரி: "ருசி இரிக்கி. ஆனா வயிறு நம்புதில்ல."
கந்தோர் கிளாக்கர்: முள்ளுக்கரண்டி கேட்டு வாங்கினார். இரண்டு தரம் குத்தினார். பிறகு கை.
விநாயகபுரத்து மீன்காரர்: "இந்தச் சவக்காரத்த ஏன் அண்ணே மேல சீவிப் போட்டிருக்கிய?" அது சீஸ், சோப் அல்ல.
சம்மாந்துறை டிரக்டர்க்காரர்: "எங்கட ஊர்க் கடையில இதவிட நல்லம்." ஒரே பெட்டி, ஒரே சமையல். என்ன செய்ய.

வாங்க: வெங்காயம், நெருப்புப்பெட்டி, தேங்காய்.

ஷஃபான் 22, வியாழன்

தம்பி வந்தான். கறுப்புக் கண்ணாடி. மூன்று கடைக்கும் ஒரே சட்டம் என்று மட்டையில் எழுதி அடுப்புக்கு மேல் தொங்கவிட்டான். மக்கரோனி முழுக்க வேகக் கூடாது. நடுவில் கொஞ்சம் கடி இருக்க வேண்டும். தேங்காய்ப்பால் கூடாது. பச்சை மிளகாய் கூடாது.

"ராத்தா, அ.பற்றுல திண்டவன் இஞ்ச வந்து திண்டாலும் அதே ருசி இரிக்கணும். அதுதான் கம்பனி முறை."

"அப்ப எனக்குப் பதிலா ஒரு மெசின வெச்சிரு மனே. கதைக்காது, வெத்திலயும் கேக்காது."

சிரித்தான். போகும்போது மட்டையை நேராக்கிவிட்டுப் போனான்.

பின்னேரம் நாலு பேர். நாலு பேரும் ஒரே சொல்: "வேகல்லயே." மச்சான் எல்லோருக்கும் இத்தாலி முறையை விளக்கினார். ஒரு கிழவர் சொன்னார்: "தம்பி, இத்தாலியில பல்லிரிக்கி. எனக்கு எங்க?" சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தேன். பிறகு அந்தக் கோப்பை பாதியோடு திரும்பி வந்தது. சிரிப்பு நின்றது.

ஷஃபான் 25, ஞாயிறு

இரண்டு பானை வைத்துவிட்டேன். ஒன்று கடிப் பானை, மட்டையில் இருக்கிற மாதிரி. மற்றது குழைவுப் பானை. தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், கொஞ்சம் மாசிக் கருவாடு. வருகிறவரின் முகத்தைப் பார்த்து எந்தப் பானை என்று மச்சான் சொல்ல வேண்டும்.

"மதினி, கடி ஒண்டு! குழைவு மூண்டு!"

இன்று ஒரு கோப்பையும் மிச்சத்தோடு வரவில்லை. டிரக்டர்க்காரர் திரும்ப வந்தார். "இண்டைக்கித்தான் இத்தாலி சரியா வந்திரிக்கி" என்றார். மனிசன் மௌத்தாகி ஆறு வருடம். அதற்குப் பிறகு என் சமையலை ஒருவர் வாய்விட்டுச் சொன்னது இன்றுதான். தட்டிக்குப் பின்னால் நின்று வெங்காயம் வெட்டினேன். வெங்காயம் நல்ல சாட்டு.

ஷஃபான் 28, புதன்

பிடிபட்டேன். டிரக்டர்க்காரர் அ.பற்றுக் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்திருக்கிறார். "கல்முனையில குழைவா, மாசி போட்டுத் தாறாங்க. நீங்க என்ன பச்சையாத் தாறீங்க?" என்று. நல்ல மனிசன். அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், நாக்கை மட்டும் கொஞ்சம் குறைக்கட்டும்.

தம்பி சத்தம் போடவில்லை. அதுதான் பயம். குழைவுப் பானையை எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.

"நோன்பில பகல்ல கடை பூட்டு. நோன்பு திறந்து, மஃரிபுக்குப் பிறகுதான் யாவாரம். மூண்டுல ஆக ஆள் குறைஞ்ச கடை இதுதான் ராத்தா. பத்தாம் நோன்பு மட்டும் பாப்பம். அதுக்குள்ள ஆள் வராட்டி, மேசை கதிரயச் சம்மாந்துறைக்கி ஏத்திருவன்."

"என்னையும் ஏத்துவியா?"

மட்டையை இன்னொரு தரம் நேராக்கிவிட்டு இறங்கிப் போனான்.

நான் முன்பு விடியப் புறத்தில் இடியப்பம் அவித்துச் சீவித்தவள். கடை திறந்ததும் அதை விட்டேன். என்னிடம் வாங்கிய ஆட்களெல்லாம் இப்போது பின் வளவுக் கதீஜாவிடம். கடை போனால் அடுப்புக்கு வேலையில்லை. அடுப்புக்கு வேலையில்லை என்றால் எனக்கும் இல்லை.

நோன்பு 2, ஞாயிறு

வெயில். நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. மஃரிபுக்குப் பிறகு கடை திறந்தோம். கஞ்சி குடித்து வயிறு நிரம்பிய சனம் மக்கரோனிக்கு எங்கே வரும். நாலு பேர். ஒருவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அவரையும் சேர்த்துத்தான் நாலு.

ஒரு விசயம் கண்டேன். தட்டி ஓட்டையால். புதிதாகக் கலியாணம் முடித்த பொடியனும் அவனுடைய மச்சினன்மார் இரண்டு பேரும். ஆளுக்கொரு கோப்பை. மூன்று பேரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள், சோதனை எழுதுகிற பிள்ளைகள் மாதிரி. கடைசியில் பொடியன் மூன்றையும் ஒன்றாகக் கொட்டினான். பிறகுதான் சிரிப்பு வந்தது, கை போனது. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் கை போட்டுத் தின்கிற சனம் நாங்கள். தம்பிக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டையைக் காட்டுவான்.

நோன்பு 5, புதன்

கதீஜாவிடம் போனேன். பகிடி மாதிரிக் கேட்டேன். "என்ன கா, உனக்கு இடியப்பம் பிழியக் கை நோகாதா? பாதிய என்ட பக்கம் தள்ளன்."

அவளும் பகிடி மாதிரியே சொன்னாள். "அதெப்படி ராத்தா, நீங்க இப்ப இத்தாலிக்காரி. எங்கட இடியப்பம் உங்கட கைக்கு வருமா?"

இருவரும் சிரித்தோம். வளவைத் தாண்டி வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

றப்பே, ஒரு வழி காட்டு. நோன்பு பிடித்த வாயால் கேட்கிறேன்.

மச்சான் தெருவில் நின்று ஆள் கூப்பிடுகிறார். "வாங்க, இத்தாலி போகக் கப்பல் தேவல்ல, பாஸ்போட் தேவல்ல!" நின்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

நோன்பு 7, வெள்ளி

வழி வந்துவிட்டது!

எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி முறைப்படி. ஒரு நாளைக்கு ஒரு வீடு காய்ச்சிக் கிடாரத்தோடு அனுப்ப வேண்டும். ஒன்பதாம் நோன்பு என் வீட்டு முறை. மக்கரோனிக் கஞ்சி! தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, மாட்டிறைச்சி, தக்காளி, அரிசி பாதி, மக்கரோனி பாதி. கடைக்குள் கால் வைக்காதவனும் அன்றைக்கு ருசி பார்த்தே ஆக வேண்டும். பள்ளியில் ஒருவர் தப்ப ஏலாது. அடுத்த நாள் கடை நிறையும். பத்தாம் நோன்பு. தம்பி வந்து பார்க்கட்டும்.

மச்சானிடம் சொன்னேன்.

"மதினி, இது தம்பிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவானா?"

"அப்ப எனக்கும் தெரியாது." காதைப் பொத்திக்கொண்டு போனார். பிறகு அவரே விறகு கொண்டுவந்து போட்டார்.

நோன்பு 9, ஞாயிறு

பின்னேரம், அஸர் பாங்கு. கஞ்சி இறக்கியாகிவிட்டது. நிறம் நல்ல சிவப்பு. வாசத்துக்குப் பக்கத்து வீட்டுப் பூனை மதிலில். உப்பு பார்க்கவில்லை. நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம் என்பார்கள், எனக்கு மனம் வராது. கை அளவுதான். மச்சானும் இன்னும் மூன்று பேரும் கம்பு போட்டுக் காவிக்கொண்டு போனார்கள். பள்ளி இரண்டு வளவு தள்ளி. மஃரிபுக்கு நேரம் நிறைய இருக்கிறது. பிந்தவில்லை. இதைத்தான் எழுதிச் சந்தோசப்பட வந்தேன்.

அதே நாள், மஃரிபுக்குப் பிறகு

யா அல்லாஹ்.

பாங்கு கேட்டது. பிறகு வழக்கமான கோப்பைச் சத்தம் இல்லை. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு பள்ளி முழுக்கச் சிரிப்பு. என் வாசலில் நின்று கேட்டேன்.

மச்சான் வெறும் கையோடு வந்தார். தலைத் தொப்பி கையில்.

"மதினி, அகப்பைய விட்டம். நிண்டுட்டு."

"என்ன நிண்ட?"

"அகப்பதான். கொடிக்கம்பம் மாதிரி. கஞ்சியக் காணல்ல. கிடாரத்துக்குள்ள ஒரே கட்டி."

கடையில் அடுப்பிலிருந்து நேரே கோப்பைக்குப் போகிற சாமான். இன்று அஸரிலிருந்து மஃரிப் மட்டும் கிடாரத்துக்குள் மூடி இருந்திருக்கிறது. தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டது. அரிசிக் கஞ்சி எத்தனை முறை காய்ச்சியிருக்கிறேன்! அது காத்திருக்கும். மக்கரோனி காத்திருக்காது. எனக்குத் தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும்.

பள்ளியை நடத்துகிற மரைக்கார் எழும்பி நின்று சொன்னாராம்: "நோன்பாளிக்குக் கஞ்சி கேட்டா, கல்லு வெச்சிரிக்காங்க." ஈச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தார்களாம். பிறகு யாரோ கத்தி கொண்டுவந்து கட்டியை வெட்டிச் சஹன்களில் வைத்தார்களாம்.

"திண்டாங்களா?"

"சில பேர் திண்டாங்க, சில பேர் ஏசினாங்க. சில பேர் ஏசி ஏசித் திண்டாங்க."

"உப்பு?"

மச்சான் என்னைப் பார்த்தார். "இப்பவா மதினி உப்பு?"

கடைக்கு ஒருவரும் வரவில்லை. தெருவால் போன பொடியன்கள் "கட்டிக் கடை, கட்டிக் கடை" என்று போனார்கள். நல்ல பேர்தான். நானே வைத்திருப்பேன், வேறு யாருக்கும் என்றால்.

நோன்பு 10, திங்கள்

முதல் பஸ்ஸில் தம்பி. கறுப்புக் கண்ணாடி இல்லை. கண் சிவந்திருந்தது. அ.பற்று வரைக்கும் கதை போய்விட்டது.

"நான் உங்கள ஏசல்ல ராத்தா. மூண்டு கடைக்கும் ஒரே பேர். ஒண்டு நாறினா மூண்டும் நாறும்."

லொறி வந்தது. மேசை, கதிரை, கோப்பை, முள்ளுக்கரண்டி. மட்டையையும் கழற்றினான். போர்டைக் கழற்ற ஏணியில் ஏறினான்.

"ஆணி என்ட, மனே. போர்டக் கொண்டு போ, ஆணிய வெச்சிட்டுப் போ."

சிரிப்பான் என்று நினைத்தேன். ஏணியிலேயே நின்றான், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு. சின்ன வயதில் அடி வாங்கினாலும் இப்படித்தான் நிற்பான்.

உடைந்த மக்கரோனி ஒரு சாக்கு. "இத விக்க ஏலா" என்று விட்டுவிட்டுப் போனான். லொறியோடு மச்சானும் போனார், சம்மாந்துறையில் பரிமாற. "வாறன் மதினி" என்றார். எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

முன் மண்டபம் வெறுமை. சுவரும் இல்லை. காற்று நேரே அடுப்பு வரைக்கும் வருகிறது. விரிப்புக்கு வைத்த கல் கிடக்கிறது.

யாரிடம் கேட்பேன். எதைக் கேட்பேன்.

நோன்பு 11, செவ்வாய்

நடுப்பகல் ளுஹர் தொழுதுவிட்டுப் படுத்தேன். அடுப்பு மூட்டவில்லை. நோன்பு திறக்கத் தண்ணீர் போதும்.

வாசலில் சலாம். மரைக்காரின் பெண்சாதி. முந்தானைக்குள் ஒரு வெறும் கோப்பை. ஏச வந்திருக்கிறாள் என்று எழும்பினேன்.

"எங்கட மனிசன் பள்ளியில நிண்டு ஏசினார்தானே."

"ஓம். கேள்விப்பட்டன்."

"மிச்சத்துல ஒரு துண்டு ஊட்டுக்குக் கொண்டு வந்தார். இறைச்சி ஆணத்துல தொட்டுத் திண்டார். நேத்தும் கேட்டார், அந்தக் கட்டி இன்னும் இரிக்கா எண்டு." கோப்பையை நீட்டினாள். "அவர் கேட்டாரெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதீங்க ராத்தா."

"கடை இல்லயே புள்ள. எல்லாம் ஏத்திட்டான்."

"நான் கடைக்கா வந்த?"

வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளை அனுப்பிவிட்டுத் திரும்பினால் பின் படியில் இன்னொரு வெறும் கோப்பை. ஆளைக் காணவில்லை. விளிம்பில் நீலப் பூ. கதீஜாவுடையது, எனக்குத் தெரியாதா. வாய் திறந்து கேட்க மாட்டாள், அவள்.

இரண்டு கோப்பை. அவ்வளவுதான். இதை வைத்துச் சீவிக்க ஏலாது, எனக்குத் தெரியும்.

உடைந்த சாக்கை அவிழ்த்தேன். தேங்காய் ஒன்று இருந்தது. அஸருக்கு முன்னாலேயே இறக்கி, மூடி வைத்து, கட்டி பிடிக்கும்வரை காத்திருக்க விட வேண்டும். இந்த முறை தெரிந்தே.

தண்ணீர் கொதிக்கிறது. உப்பு போட்டாகிவிட்டது. சரியா பிழையா, பாங்குக்குப் பிறகுதான்.